நூறு வரை சொல்கிறான், ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தரத் தெரியவில்லை

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அவருடைய மகனுக்கு ஐந்தரை வயது. தனியார் பள்ளி ஒன்றில் ஆங்கில வழியில் யு.கே.ஜி. படிக்கிறான். மே மாதம் ஆறு வயது நிறைகிறது. ‘ஒன், டூ, த்ரீ’ என்று நூறு வரை மூச்சு விடாமல் சொல்வான். உறவினர் வீடுகளில் சொல்லிக் காட்டிக் கைதட்டல் வாங்கியவன். சென்ற மாதம் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை சொன்னது வேறு: “கணக்கே வரவில்லை. ஃபோர்ட்டீன் என்றால் 41 என்று எழுதுகிறான். இன்னும் விரலை மடக்குகிறான். இன்னொரு வருடம் யு.கே.ஜி.யிலேயே இருக்கட்டும்.” விரலை மடக்கினால் ஸ்கேலால் ஒரு தட்டும் உண்டாம்.

வீட்டுக்கு வந்து இவரே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஏழு புளியங்கொட்டை எடு என்றால் ஒரு கை அள்ளி நீட்டுகிறான். நான்கு, ஐந்து கேட்டால் சரியாக எடுக்கிறான். வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால் ஆறு வரை சரியாக வருகிறது, ஏழில் தடுமாறுகிறது. எண்ணி முடித்ததும் “ஆக, எத்தனை?” என்றால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான். கொட்டைகளைப் பரப்பி வைத்தால் ‘இப்போது நிறைய’ என்கிறான். கணவர் டியூஷன் வைக்கலாம் என்கிறார். நாத்தனார் அபாகஸ் வகுப்பு என்கிறார். மாமியார், “என்னோடு பல்லாங்குழி ஆடட்டும், விடு” என்கிறார். டிஸ்கால்குலியா என்னும் கணக்குக் கற்றல் குறைபாடு பற்றிப் படித்துவிட்டு இரண்டு இரவு இவர் தூங்கவில்லை. “எல்லாம் தெரிந்தும் அலட்சியமாக இருக்கிறானா, மூளையில் ஏதாவது குறையா?” என்பதுதான் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

அலட்சியம் இல்லை. மூளையில் குறை என்று சொல்லவும் நீங்கள் எழுதியதில் எந்த ஆதாரமும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் முதல் இரண்டு வகுப்புகளில் பாடம் நடத்திவிட்டு, இப்போது அந்த வகுப்பு ஆசிரியைகளுக்குப் பயிற்சி தருகிறேன். உங்கள் மகனைப் போன்ற குழந்தை ஒவ்வொரு வகுப்பிலும் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஐந்தரை வயதில் ஏழு பொருளைச் சரியாக எடுத்து வைப்பது நிறையக் குழந்தைகளுக்கு வந்துவிடுகிறது என்பதால், அவன் ஒரு படி பின்னால் நிற்கிறான் என்பது உண்மை. அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் ஏன் பின்னால் நிற்கிறான் என்பது உங்கள் கடிதத்திலேயே தெளிவாக இருக்கிறது. அவனுக்கு இதுவரை எண்களைச் சொல்லத்தான் பழக்கியிருக்கிறோம். பொருள்களை எண்ணப் பழக்கவில்லை.

சொல்வதும் எண்ணுவதும்

நூறு வரை சொல்வது, சித்திரை, வைகாசி என்று மாதங்களைச் சொல்வது போன்றது. வரிசை மனத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். 46க்கு அடுத்து என்ன என்று கேளுங்கள். ஒன்றிலிருந்தோ நாற்பதிலிருந்தோ ஓடி வந்துதான் பதில் சொல்வான் என்று நினைக்கிறேன். பாட்டின் நடுவரியைக் கேட்டால் நாமும் முதல் வரியிலிருந்துதானே பாடிப் பார்க்கிறோம்?

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ஐந்து மணிகளை வரிசையாகத் தொட்டு, பிசகாமல் ஐந்து வரை எண்ணினாள். “எனக்கு ஐந்து மணி கொடு” என்றேன். கடைசியாகத் தொட்ட மணியை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவளைப் பொறுத்தவரை ‘ஐந்து’ என்பது அந்த மணியின் பெயர். முதல் மணியின் பெயர் ஒன்று, அடுத்ததன் பெயர் இரண்டு, கடைசி மணியின் பெயர் ஐந்து. வகுப்பில் ஒவ்வொரு குழந்தையையும் தொட்டுப் பெயர் சொல்வது போலவே அவள் மணிகளுக்கும் பெயர் சொல்லியிருக்கிறாள். கடைசியாகச் சொன்ன எண் அந்தக் கூட்டம் முழுவதையும் குறிக்கிறது என்பதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. உங்கள் மகன் “எத்தனை?” என்றதும் மறுபடி எண்ணத் தொடங்குவதும் இதனால்தான். ‘எத்தனை?’ என்பது அவன் காதில் ‘எண்ணு’ என்ற கட்டளையாக விழுகிறது.

கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் இதை ஐந்து விதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்; சொற்களின் வரிசை மாறக்கூடாது; கடைசிச் சொல்லே மொத்தம்; எதை வேண்டுமானாலும் எண்ணலாம்; எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம். உங்கள் மகனுக்கு இரண்டாவது வந்துவிட்டது. முதலாவது பாதி வந்திருக்கிறது. மூன்றாவதில்தான் இப்போது வேலை. வரிசை பற்றி ஒன்று சொல்கிறேன்: களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது பெரியவர்கள் ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கி, பிறகு ‘இரண்டு’, ‘மூன்று’ என்று போவார்கள். சொல் மாறினாலும் அளவு பிசகுவதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் வரிசை ஒன்றே. எண்ணுவதற்கு வேண்டியது அந்த ஒழுங்கு. அதற்கு நூறு வரை போக வேண்டியதே இல்லை.

நூறு என்ற இலக்கைப் பற்றி இன்னொன்று. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் மத்திய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டில் குழந்தையிடம் எதிர்பார்ப்பது 10 வரையுள்ள எண்களை அடையாளம் கண்டு படிப்பது. 99 வரை படிக்கவும் எழுதவும் எதிர்பார்ப்பது ஒன்றாம் வகுப்பின் முடிவில். ஆகவே தினமும் இரவு 1 முதல் 100 வரை எழுத வைப்பதாகச் சொல்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் வலிப்பது அவன் கைதான்; எண்ணறிவு வளர்வதில்லை.

ஏழில் ஏன் தடுக்குகிறது?

உங்கள் கடிதத்திலேயே மிக உபயோகமான வரி, ஆறு வரை சரி, ஏழில் தடுமாறுகிறான் என்பது. அவன் ஆங்கிலத்தில் எண்ணுகிறான். ‘ஒன்’ முதல் ‘டென்’ வரையுள்ள சொற்களில் ‘செவன்’ ஒன்றுதான் இரண்டு தட்டாக ஒலிக்கிறது. ‘செ’ என்னும்போது ஒரு கொட்டையையும் ‘வன்’ என்னும்போது அடுத்த கொட்டையையும் தொட்டுவிடுகிறானா என்று கவனியுங்கள். விரல் ஓசையின் பின்னால் ஓடுவது இந்த வயதில் சாதாரணம். அப்படியென்றால் தொட்டு எண்ணுவதை விட்டுவிட்டு, கொட்டையை எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒரு ‘ணங்’, ஒரு எண். கை நகரும் வேகத்துக்கு வாய் அடங்கும். எண்ணியது எது, எண்ணாதது எது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

கிண்ணத்தில் விழுந்து முடிந்ததும் நீங்கள் கேள்வி கேட்க வேண்டாம். கிண்ணத்தைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டு, “ஏழு. ஏழு கொட்டை இருக்கிறது” என்று சொல்லுங்கள். ஒரு வாரம் இப்படிச் சொன்ன பிறகு, கிண்ணத்தை ஒரு தட்டால் மூடிவிட்டு “உள்ளே எத்தனை?” என்று கேளுங்கள். மூடியிருப்பதால் அவனால் மறுபடி எண்ண முடியாது. கடைசியாகச் சொன்ன சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் அங்கேதான் வருகிறது. வகுப்பில் பலமுறை பலன் கண்ட வழி இது.

பரப்பி வைத்தால் ‘நிறைய’ என்கிறான் என்று கவலைப்படாதீர்கள். இடம் பெரிதானாலும் எண்ணிக்கை மாறாது என்ற தெளிவு பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில்தான் வருகிறது.

14 எப்படி 41 ஆகிறது?

அவன் காதில் விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதுகிறான். ‘ஃபோர்ட்டீன்’ என்ற சொல்லில் முதலில் கேட்பது நான்கு. ஆகவே முதலில் 4 எழுதுகிறான். தேர்ட்டீன் முதல் நைன்ட்டீன் வரை ஆங்கிலம் இப்படித்தான் ஒன்றுகளை முன்னால் சொல்கிறது. லெவன், ட்வெல்வ் ஆகிய சொற்களில் பத்து இருப்பதே காதுக்குத் தெரியாது.

இங்கேதான் உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘இரண்டு மொழியில் சொன்னால் குழம்புவான், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே எண்ணச் சொல்லுங்கள்’ என்று பள்ளியில் கேட்டுக்கொண்டதால் தமிழ் எண்களை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திரும்பத் தொடங்குங்கள். பதினான்கு என்ற சொல்லிலேயே பத்து முன்னாலும் நான்கு பின்னாலும் நிற்கின்றன. எழுதும் வரிசையும் அதுவே. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை ஒவ்வொன்றிலும் எத்தனை பத்து என்பது சொல்லிலேயே இருக்கிறது. தமிழ்க் குழந்தை தடுக்கி விழும் இடம் எண்பத்தொன்பதைத் தாண்டியதும் வரும் தொண்ணூறுதான். அந்த ஒரு சொல் மட்டும் ஒன்பதையும் பத்தையும் காட்டாமல் நூற்றைக் கை காட்டுகிறது. அதற்கு அவன் வந்து சேர இன்னும் வெகுநாள் இருக்கிறது.

துடைப்பத்திலிருந்து பதினெட்டு, இருபது ஈர்க்குச்சிகளை உருவி ஒரே நீளமாக ஒடித்துக்கொள்ளுங்கள். பத்தை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டும். கட்டுவது அவனாக இருக்கட்டும். ஒரு கட்டு, பக்கத்தில் நான்கு உதிரிக் குச்சி. “பத்தும் நான்கும் பதினான்கு.” சொல்லிச் சொல்லிப் பழகிய பிறகு, “இதைத்தான் பள்ளியில் ஃபோர்ட்டீன் என்கிறார்கள்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் அவன் 104 என்று எழுதினால் திட்டிவிடாதீர்கள். 10ஐயும் 4ஐயும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறான். பத்து அவன் மண்டையில் ஏறிவிட்டதற்கு அது அடையாளம். ஒரு அட்டையில் 10 எழுதி, 4 எழுதிய சிறிய அட்டையை அந்தப் பூஜ்யத்தின் மேல் வைத்து மறைத்துக் காட்டினால் போதும். இதெல்லாம் ஏழும் பத்தும் கையில் உறுதியான பிறகு. அவசரம் வேண்டாம்.

விரல் மடக்கட்டும்

விரல் விட்டு எண்ணுவது மந்தம் என்பது பல ஆசிரியர்களிடம் ஊறிப்போன தவறான எண்ணம். குழந்தை எப்போதும் தன்னோடு கொண்டுபோகும் முதல் கணக்குப் பலகை அவன் கைகள்தான். ஏழு என்றால் ஒரு கை முழுதும், மறு கையில் இரண்டும். இதைப் பார்த்துப் பழகிய குழந்தைக்கு ஐந்தும் இரண்டும் ஏழு என்ற கூட்டல் யாரும் கற்பிக்காமலே வந்துவிடுகிறது. மனத்தில் எண் நிலைத்ததும் விரல் தானாகவே விலகும். அடித்து விலக்கினால், மேசைக்கு அடியில் ஒளித்து மடக்கக் கற்றுக்கொள்வான். கணக்கோடு சேர்த்துப் பயத்தையும் கற்றுக்கொள்வான்.

டியூஷனா, அபாகஸா, பல்லாங்குழியா?

டியூஷனில் பள்ளியில் நடப்பதே இன்னொரு மணி நேரம் நடக்கும். அதுதான் பிரச்சினை என்னும்போது அதையே இரட்டிப்பாக்க வேண்டாம்.

அபாகஸ் நல்ல பயிற்சிதான். ஆனால் இவனுக்கு இப்போது இல்லை. அந்த மணிச் சட்டகத்தின் ஒவ்வொரு கம்பியிலும் மேலே உள்ள ஒரு மணிக்கு மதிப்பு ஐந்து, கீழே உள்ள நான்கு மணிகளுக்குத் தலா ஒன்று. ஐந்து பொருள் சேர்ந்தால் ஐந்து என்பதே இன்னும் கெட்டிப்படாத குழந்தையிடம், ‘இந்த ஒரு மணியே ஐந்து’ என்று சொன்னால் என்ன செய்வான்? விரலசைவை மனப்பாடம் செய்வான். ஏற்கெனவே நூறு வரை மனப்பாடம் செய்தவன்தானே. எட்டு வயதில் ஆசைப்பட்டால் சேருங்கள்.

உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். கையில் அள்ளியதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ‘ஒரு பொருளுக்கு ஒரு சொல்’ என்று மேலே சொன்னேனே, அதே ஒழுங்கைக் கை இங்கே பழகுகிறது. ஒரு குழியையும் தாண்டக்கூடாது, ஒரு குழியில் இரண்டு போடக்கூடாது. பிசகினால் எதிரில் இருக்கும் பாட்டி விடமாட்டார். குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’. பசுவை எடுக்க ஆசைப்படும் குழந்தை, ஒவ்வொரு குழியாகப் பார்த்து ‘மூன்று இருக்கிறது, இன்னும் ஒன்று விழுந்தால் பசு’ என்று காத்திருக்கும். எண்ணாமலே மூன்றையும் நான்கையும் கண்ணால் அறிவதும், ஒன்று கூடினால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வதும் அந்தக் காத்திருப்பில் நடக்கின்றன. முதலில் குழிக்கு மூன்று கொட்டை போட்டு ஆடட்டும். ஐந்து, ஆறு என்று பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு விளையாட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்பீஸால் தரையில் ஒரே வரிசையாகப் பத்துக் கட்டம் போட்டு, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். சோழியோ தாயக்கட்டையோ உருட்டி ஒன்றோ இரண்டோ விழுந்தால் அத்தனை கட்டம் காய் நகர்த்த வேண்டும். சீக்லர், கீதா ரமணி என்ற உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், இப்படி எண் வரிசைப் பலகையில் பதினைந்து நிமிட அமர்வுகளாக நான்கு முறை விளையாடிய ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளின் எண்ணறிவு நன்றாக உயர்ந்தது. எண் இல்லாமல் நிறம் மட்டும் இருந்த பலகையில் விளையாடியவர்களுக்கு அந்த உயர்வு இல்லை. ஒரு நுணுக்கம் உண்டு. 5இல் காய் நிற்கிறது, இரண்டு விழுந்தது என்றால் ‘ஒன்று, இரண்டு’ என்று நகர்த்தக்கூடாது. கட்டத்தைப் பார்த்து ‘ஆறு, ஏழு’ என்று சொல்லி நகர்த்த வேண்டும். பரமபதம் இதற்குப் பிறகு வரட்டும்; அதில் எண்கள் ஒரு வரியில் வலப்பக்கமும் அடுத்த வரியில் இடப்பக்கமும் ஓடுவதால் இப்போது குழம்புவான்.

நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். நோட்டு, பென்சில் வேண்டாம்.

டிஸ்கால்குலியா என்ற பயம்

கணக்கில் வரும் இந்தக் கற்றல் குறைபாடு உண்மையானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரித்திருக்கிறது. ஆனால் பள்ளிகளில் அதற்கான முதல்கட்டப் பரிசோதனையே மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில்தான் செய்யப்படுகிறது. சரியாகக் கற்பித்தும் வராதபோதுதான் குறைபாடு என்று சந்தேகிக்க முடியும். இவனுக்கு இன்னும் சரியாகக் கற்பித்துப் பார்க்கவே இல்லை. ஐந்தரை வயதில் யாராவது பணம் வாங்கிக்கொண்டு அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதியுங்கள். பேச்சு தெளிவாக இல்லை, நாலு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, சட்டைப் பொத்தான் போடவே மிகவும் சிரமப்படுகிறான் என்பது போல வேறு ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பள்ளியிடம் என்ன பேசுவது?

யு.கே.ஜி.யில் நிறுத்தவே சட்டத்தில் இடமில்லை என்று உங்கள் அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது முழுச் சரியல்ல. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது, யு.கே.ஜி. அதன் நேரடி எல்லைக்குள் வராது. ஆனால் ஜூனில் உங்கள் மகனுக்கு ஆறு வயது நிறைந்திருக்கும். அப்போது ஒன்றாம் வகுப்பில் சேர அவனுக்கு உரிமை உண்டு. சேர்க்கும்போது தேர்வு வைத்து வடிகட்டுவதை அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. யு.கே.ஜி. குழந்தை என்பதால் ஸ்கேலால் தட்டுவது சரியாகிவிடாது.

இருந்தாலும் சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு, நூறு வரை எழுதிய நோட்டைக் காட்டச் சொல்லும் நிர்வாகத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலையில் அந்த ஆசிரியையும் இருக்கலாம். தனியாகச் சந்தித்து, “ஏழு வரை வீட்டில் இப்படிப் பழக்குகிறேன், வகுப்பில் விரலை மடக்க மட்டும் விடுங்கள் அம்மா, அடிக்க வேண்டாம்” என்று கேளுங்கள். கேட்பார் என்றே நினைக்கிறேன். கேட்காவிட்டால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அடி தொடர்ந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன.

இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்கார வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே பாடம் அதே முறையில் மறுபடி நடக்கும். கூட இருந்தவர்கள் மேலே போய்விட்டதை மட்டும் அவன் புதிதாகக் கற்பான். பள்ளி பிடிவாதம் பிடித்தால், பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியைப் பற்றி உங்கள் கணவரோடு ஒருமுறை அமைதியாகப் பேசுங்கள். அங்கே சேர்த்தால் கௌரவம் போய்விடும் என்று அவர் நினைப்பது புரிகிறது. ஆனால் தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அவரவர் நிற்கும் இடத்துக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பொருள்களை வைத்தும் விளையாட்டாகவும் கற்பிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. எல்லாப் பள்ளியிலும் ஒரே தரத்தில் நடக்கிறது என்று சொல்லமாட்டேன். நேரில் போய் ஒரு மணி நேரம் வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உறவினர் முன்னால் நூறு வரை சொல்லச் சொல்லிக் கேட்பதை இனி விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை தட்டு, இன்றைக்கு விருந்தாளி இரண்டு பேர் என்றால் எத்தனை என்று அவன் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடக்கட்டும். தட்டு ஒன்று குறைந்தால் நீங்கள் திருத்த வேண்டாம். உட்கார்ந்தவர் கேட்பார், அவன் ஓடிப் போய் ஒன்று எடுத்து வருவான்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், மறுபடியும் ஏழு புளியங்கொட்டை கேளுங்கள். எடுத்துக் கொடுத்ததும் கையை மூடிக்கொண்டு “எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி எண்ணாமல் “ஏழு” என்று சொன்னால் அன்றே எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சொல்லவில்லை என்றாலும் எழுதுங்கள். எந்த எண்ணில் நிற்கிறான், எப்படித் தொடுகிறான் என்பதை மட்டும் குறித்து அனுப்பினால் போதும், அதை வைத்து அடுத்த படியைச் சொல்கிறேன்.